ஹெல்காவின் தொடையில் பேண்டேஜ்

ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள், உப்பு கேட்கலாமென்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அரைக்கால் சட்டையோடு வந்து திறந்த ஹெல்காவின் இரண்டு தொடைகளிலும் பேண்டேஜ் சுற்றியிருந்தது. எனக்குப் பகீரென்றது. உப்பைக் கேட்காமலே திரும்பிவிட்டேன். பேண்டேஜ் எனக்குப் புதிதல்ல. எண்பதுகளில், கல்யாணம் ஆகும்வரை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து இராஜபாளையத்துக்குப் போய் பேண்டேஜ் கம்பெனியில்தான் வேலை பார்த்தேன். நாள் முழுக்க ரோல் சுற்றுவோம், கூடவே வாய் ஓயாமல் பேசுவோம். கட்டுப் போட்டவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. கடைக்கு ஓடி ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு மறுபடி அவள் கதவைத் தட்டினேன். உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் சந்தோஷம்தான். கணவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நலம் விசாரிக்க எனக்கும் ஓர் ஆள் கிடைத்துவிட்டதே!

"அடியா? தீக்காயமா?" என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். ஹெல்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டை விலக்கிக் காட்டினாள். உள்ளே காப்பிப்பொடி பூசியிருந்தது. "செல்லுலைட்" என்றாள். தோலுக்கு அடியில் கொழுப்பு பிதுங்க, நடுநடுவே நார்கள் தோலை உள்ளே இழுக்க, தொடை குழி குழியாகிவிடுமாம். நான் கொண்டுபோன ஆரஞ்சு ஒன்றை எடுத்து, "இதோ, இந்தத் தோல் மாதிரி" என்றாள். ஒல்லியான பெண்களுக்கும் வருமாம். நோயே இல்லையாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"பிறகு எதற்குக் கட்டு?"

"கோடையில் நீச்சல் குளத்துக்குப் போக வேண்டாமா?"

கட்டும் காப்பிப்பொடியும் தோலைச் சில மணி நேரம் இறுக்கிக் காட்டும், அவ்வளவுதான். விடாமல் நீந்தினால், நடந்தால், தசை இறுகிக் கொஞ்சம் மட்டுப்படும். அடியோடு போகாது. இத்தனையும் தெரிந்தேதான் சுற்றியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் என் தொடையை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். எனக்கும் இருந்தது. பம்புசெட்டில் நெஞ்சுவரை பாவாடையை ஏற்றிக் கட்டிக் குளித்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஊரிலிருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன்.

"ஏட்டி, தொடையில குழி இருந்தா என்ன, மேடு இருந்தா என்ன? ஒன் வீட்டுக்காரரு ஏதும் சொன்னாரா?"

"இல்லக்கா. அவரு என்னப் பாக்கதே இல்ல."

"ஒழுங்கா சாப்பிடுதியா?" என்றாள் அக்கா.

கோடையில் ஹெல்கா என்னைக் குளத்துக்குக் கூப்பிட்டாள். மறுத்தால் இருக்கிற ஒரே சிநேகிதமும் போய்விடுமோ என்ற பயத்தில் அவளோடு கிளம்பினேன். வாழ்க்கையில் முதன்முறையாக நீச்சலுடை, அதற்கு மேல் இடுப்பில் துண்டு. அவிழ்க்க மனம் வரவில்லை. சுற்றிலும் பெண்கள், வயதானவர்களும் இளசுகளும், குழி விழுந்த தொடைகளோடு வெயில் காய்ந்தார்கள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் இப்படி நின்றிருந்தால் தெருவே மூக்கின்மேல் விரல் வைத்திருக்கும். அக்கா ஓடிவந்து முதுகில் ரெண்டு வைத்திருப்பாள். அந்த அடிக்கு அன்று அப்படி ஏங்கினேன். தண்ணீருக்குள் நின்ற ஹெல்கா என் வலது கையைப் பிடித்து இழுத்தாள். இடது கை துண்டை விடவில்லை.