கடைசி நிரல் சொன்ன ஆம்

அப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டவுனிலேயே ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவேன். என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் திகனவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண். என் வயதுதான். பழகிய முதல் வாரத்திலேயே சாப்பாட்டைப் பங்குபோட ஆரம்பித்துவிட்டோம்.

கடைசிப் பரீட்சைக்கு வந்த கணக்கு பார்வைக்கு எளிது. கட்டங்களில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். முதலில் ஒவ்வொரு நிரையையும் இடமிருந்து வலமாக அகரவரிசைப்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு நிரலையும் மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். எல்லா நிரல்களும் அகரவரிசையில் இருந்தால் ‘ஆம்’, ஒன்று குழம்பினாலும் ‘இல்லை’. இதைச் செய்யும் புரோகிராமை ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளத் தடையில்லை.

என்னுடையது சில கட்டங்களுக்குச் சரியாகவும் சிலவற்றுக்குத் தப்பாகவும் விடை சொன்னது. வாசித்து வாசித்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். நான்கு மணிக்குள் எல்லோரும் அனுப்பிவிட்டு எழும்பினார்கள். அவளும் அனுப்பிவிட்டாள், ஆனால் எழும்பவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

“உம்மா, நான் லேட்டாகித்தான் வாற. நானாவ வேனோட அனுப்புங்க.”

பிறகு பென்சிலும் தாளும் எடுத்தாள்.

“நான்தான் கம்ப்யூட்டர். நீங்க எழுதினத அப்படியே சொல்லுங்க. அத மட்டும்தான் செய்வேன். சொந்த மூளையப் பாவிக்க மாட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல்முறையாக.

சின்னதாக ஒரு கட்டம் போட்டோம். மேல் நிரையில் பீ, டீ. கீழ் நிரையில் ஏ, ஈ. முதல் நிரலில் பீக்குக் கீழே ஏ, பிழை. தாளின் மூலையில் ‘இல்லை’ என்று எழுதினாள். அடுத்த நிரலில் டீக்குக் கீழே ஈ, சரி. உடனே ‘இல்லை’யை அழித்துவிட்டு அதே இடத்தில் ‘ஆம்’ என்று எழுதினாள்.

“ஏன் அழிச்சீங்க?”

“நீங்கதானே சொன்னீங்க, ஒவ்வொரு நிரலுக்கும் விடைய அதே இடத்துல எழுதச் சொல்லி.”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. முன்னால் எத்தனை நிரல் குழம்பியிருந்தாலும், கடைசி நிரல் சரியாக இருந்தால் என் புரோகிராம் ‘ஆம்’ என்றுவிடும். ஒரு ‘இல்லை’ கிடைத்தவுடனே நிறுத்தும்படி மாற்றினேன். எல்லாக் கட்டங்களுக்கும் விடை சரியாக வந்தது. ஐந்து மணி ஆவதற்குள் அனுப்பியும்விட்டேன்.

வெளியே வந்தபோது என் பஸ் போயிருந்தது. வேனோடு காத்திருந்த அவளுடைய அண்ணன் ஒரு வார்த்தைகூட முணுமுணுக்காமல் வேனைத் திகனப் பக்கம் விடாமல் எங்கள் ஊரான கலஹாவுக்குத் திருப்பினார். தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் காத்திருந்த என் அம்மா அவர்களை விடவில்லை.

“உள்ள வாங்க தம்பி. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்.”

சுடச்சுட ரொட்டியும் சம்பலும் வந்தன. நடந்ததை அவள் சொல்லச் சொல்ல அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

“எழுத்த வரிசையா அடுக்கவா இவ்வளவு நேரம்?”

“அடுக்கினது சரியான்னு பார்க்கத்தான் நேரம் போச்சு மாமி” என்றாள் அவள், வாய் நிறைய ரொட்டியோடு.

இரண்டு பேரும் சித்தியடைந்தோம். அந்தச் சான்றிதழால்தான் பேராதனையில் எனக்கு இப்போதைய கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. விடையை அவள் ஒரு நிமிடத்தில் தானே எழுதித் தந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், நானே கண்டுபிடிக்கும்வரை பென்சிலோடு பக்கத்தில் இருந்தாள். அதற்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.