கருநீலச் சேட்டில் பூத்த உப்பு

வேலைக் கடிதத்தோடு இன்னொரு தாளும் வந்திருந்தது. அதில் உடுப்பைப் பற்றி நான்கைந்து வரிகள். ஒற்றை நிறச் சேட், நீளக் கை, பூப்போட்டது கூடாது, கண்ணைப் பறிக்கும் நிறம் கூடாது, கீழே கறுப்புப் பாவாடை. பாவாடை கணுக்கால் வரை இருக்க வேண்டும் என்பதை வாப்பா சேர்த்துக்கொண்டார். ஸ்கார்ஃப் போடலாம் என்று கம்பனி எழுதியிருந்தது, போட வேண்டும் என்று உம்மா சொன்னார். ஆக, என் உடுப்பைப் பற்றி எல்லோரும் முடிவெடுத்து முடித்த பிறகு எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான்: சேட்டின் நிறம். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளத்தில் பினான்ஸ் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடிக் கதவு போட்டுத் திறந்துகொண்டிருந்த காலம். பாண் சுடும் பேக்கரிக்குப் பக்கத்தில் ஒன்று, மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒன்று. என்னை எடுத்தது மேல் மாடிக்காரர்கள். எங்கள் வீட்டில் ஏ.எல். வரை படித்தவள் நான் ஒருத்திதான். வாப்பா உப்பளத்தில் வேலை செய்பவர், கையெழுத்து மட்டும் போடுவார். உம்மா அதுவும் இல்லை. எனக்கு மூத்தவள் ராத்தா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். பெருமையாக இருந்ததா என்று கேட்டால், ஓம், இருந்தது. குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் வேலை இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. பயிற்சிக்கு என்னையும் சிலாபத்துப் பெண் ஒருத்தியையும் எடுத்திருந்தார்கள். மூன்று மாதம் முடிந்ததும் ஒருத்திக்குப் புத்தளத்திலேயே கவுண்டரில் கதிரை. மற்றவள் குருநாகல் கிளைக்குப் போக வேண்டும். மனேஜர் இதை நேர்முகத் தேர்விலேயே சொல்லிவிட்டார். குருநாகல் என்றால் அங்கே தங்க வேண்டும். வாப்பாவோ, பொழுதுபடும் மஃரிப் தொழுகைக்கு முன்னால் வீட்டில் நிற்பதென்றால்தான் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லியிருந்தார். அதனால் குருநாகல் என்ற ஊரின் பெயரைக் கேட்டாலே எனக்கு ஆகாது. அந்த ஊர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, பாவம்.

சேட் வாங்க ராத்தாவோடு புத்தளம் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேசை மேல் ஒரு குவியல் பரப்பினார். இளநீலம், பால் வெள்ளை, சந்தனக் கலர், இளம் ரோசா. ராத்தா இளம் ரோசாவை எடுத்து என் கழுத்தடியில் வைத்துப் பார்த்தாள்.

"இதப் போட்டா முகத்துக்கு ஒரு வெளிச்சம் இருக்கு."

"முகத்துல வெளிச்சம் பாக்கவா எனக்கு வேல தந்திருக்கிறாங்க?" என்றேன்.

"அப்ப என்னத்தப் பாக்க?"

அதற்கு என்னிடம் தயாரான பதில் இருந்தது. தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். கருநீலம் நம்பிக்கை தரும், சாம்பல் நிறம் நிதானம் தரும், மெரூன் ஆளை உயர்த்திக் காட்டும் என்று அதில் கோட் போட்ட ஒரு பெண் சொன்னாள். அதை அப்படியே கடையில் ஒப்புவித்தேன். கடைக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இருவது வருசமா சேட் விக்கிறன். நம்பிக்க எந்தக் கலர்னு எனக்கே தெரியாம இருந்திருக்கு" என்றார்.

ராத்தா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தினாள். நான் சிரிக்கவில்லை. உண்மையான காரணம் வீடியோவும் இல்லை. பதின்மூன்று வருடம் வெள்ளைச் சீருடை போட்டவள் நான். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஸ்கார்ஃப், மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. வெளிர் நிறம் எதைப் பார்த்தாலும் எனக்குப் பள்ளிக்கூடத்து மணிச் சத்தம்தான் கேட்டது. கவுண்டருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஆகவே கருநீலம் ஒன்று, மெரூன் ஒன்று, கடும் சாம்பல் ஒன்று. மூன்றும் கடும் நிறம். பஸ்ஸில் அழுக்குப் படிந்தாலும் தெரியாது என்று கடைசியாக ஒரு நியாயமும் சேர்த்துக்கொண்டேன்.

"மூணும் மையத்து வீட்டுக்கு அழப் போற கலர்" என்றாள் ராத்தா. "சரி, உன்ட இஷ்டம். பிழைச்சுப் போச்சுதெண்டா அடுத்த சேட் நான் சொல்ற கலர்."

"சரி" என்றேன். என் தெரிவு பிழையாகாது என்ற நம்பிக்கையில் சொன்னதுதான்.

முதல் வாரம் என் தெரிவு பிழையாகவில்லை. புதுச் சேட்களுக்கு ஒரு மினுக்கம் இருந்தது. கருநீலத்தைப் போட்ட முதல் நாள் பஸ்ஸில் ஒரு வயதானவர் எழுந்து இடம் தந்தார், "மிஸ் இருங்க" என்றார். என் வாழ்க்கையில் முதல் 'மிஸ்'. சிலாபத்துப் பெண் இளநீலமும் சந்தனக் கலரும் மாறி மாறி உடுத்தி வந்தாள். அவளைக் காண எனக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. சிங்களம், தமிழ் இரண்டையும் ஒரே மூச்சில் கதைக்கும் கெட்டிக்காரி, ஆனால் உடுப்பில் இன்னும் பள்ளிக்கூடம் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து மூன்றையும் துவைக்க எடுத்தேன். உம்மா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கல்லில் அடித்தால் பொத்தான் தெறிக்கும், இது கந்தோருக்கு வேலைக்குப் போடுகிற சேட் என்றேன். படிக்கிற காலம் முழுக்க உம்மா என்னைக் கிணற்றடிக்கு விட்டதே இல்லை. "நீ போய்ப் புத்தகத்தப் பாரு" என்று துரத்திவிடுவார். அதனால் துவைப்பது என்பது சவர்க்காரமும் தண்ணீரும் மட்டுமே என்று நான் நம்பியிருந்தேன். வாளி வாளியாகக் கிணற்றிலிருந்து இறைத்து, நன்றாக நுரை போக அலசி, கொடியில் போடப் போனபோது ராத்தா வந்து நின்றாள்.

"கடைசித் தண்ணி நல்ல தண்ணியில அலசினியா?"

"கிணத்துத் தண்ணிக்கு என்ன குறை? பத்துத் தரம் அலசியிருக்கிறன்."

"பத்துத் தரம் அலசினா?" ராத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி, மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை விடிய எழும்பிக் கருநீலத்தை எடுத்தேன். காய்ந்த துணி விறைப்பாக இருந்தது. கஞ்சி போட்டது போல நல்லாயிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். கிணற்றுத் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து ஸ்திரிக்கை போட்டேன். மடிப்பு, கத்தி முனை மாதிரி நின்றது. ஈரம் முழுதாகக் காயும் முன்பே உடுத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

யன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. கடலோரக் களப்பின் காற்று முகத்தில் அடித்தது. மழையில்லாத மாதம், வீதிக்கு அப்பால் உப்பளங்கள் வெயிலில் கண் கூசக் கிடந்தன. வரப்போரம் குவித்திருந்த உப்பைத் தென்னோலைக் கிடுகால் மூடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் வாப்பாவாகக்கூட இருக்கலாம். கை காட்ட நினைத்தேன், தூரம் அதிகம்.

கம்பனிப் படிக்கட்டில் ஏறும்போது சிலாபத்துப் பெண் பின்னால் வந்தாள்.

"ஏய், உங்கட முதுகுல போர்ட்ல எழுதுற சோக் பட்டிருக்கு" என்றாள்.

குளியலறைக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். சோக் இல்லை. ஸ்கார்ஃப் முடிகிற இடத்துக்குக் கீழே முதுகு முழுவதும் வெள்ளைக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அலை வந்து திரும்பிய மணல் மாதிரி. கை மடிப்பில், பொத்தான் ஓரத்தில், இடுப்புத் தையலில், எங்கும் உப்புப் பூத்திருந்தது. எங்கள் ஊர்க் கிணறு மழையில்லாத மாதங்களில் கரித்துப் போகும். குடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். உடுப்பிலும் அது இப்படி எழுதும் என்று தெரியாது. வெள்ளைச் சீருடையில் வெள்ளை உப்பு எப்படித் தெரியும்? உம்மாவின் கறுப்பு அபாயாக்கள் ஏன் எப்போதும் கறுப்பாகவே இருந்தன என்று அன்றுதான் விளங்கியது. கிணற்றடியில் மூடி போட்ட ஒரு வாளி எப்போதும் இருக்கும். சந்திக் குழாயிலிருந்து சுமந்து வந்த உப்பில்லாத நல்ல தண்ணீர். கடைசி அலசலுக்கு. அதைக் கடந்து ஆயிரம் தடவை புத்தகத்தோடு போயிருக்கிறேன்.

கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். கோடுகள் மறைந்தன. நிம்மதியாக வெளியே வந்தேன். மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றதும் திரும்பவும் வந்தன, முன்னைவிட அகலமாக. மறுபடி துடைத்தேன். மறுபடி வந்தன. மூன்றாம் முறை குளியலறையிலிருந்து வந்தபோது மனேஜர் என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கவுண்டர் மிஸ் லீவு. சிலாபத்துப் பெண்ணுக்கு உள்ளே வேறு வேலை கொடுத்திருந்தார்.

"இன்டைக்கு நீங்க முன்னுக்கு இருங்க மிஸ். சேமிப்புக் கணக்குத் திறக்க ஒரு கூட்டம் வருது. எப்பிடிச் செய்றீங்கன்னு பாப்பம்."

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். முதுகைச் சுவருக்குக் காட்டியபடி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து போய்க் கவுண்டரில் உட்கார்ந்தேன். எழும்பாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

பத்து மணிபோல அந்தக் கூட்டம் வந்தது. களப்பின் அந்தப் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்யும் பெண்கள், இருபது பேருக்கு மேல். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வந்ததும் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டார்கள். செருப்பைக் கழற்றுவதா இல்லையா என்று இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. "வாங்க, இருங்க" என்று நான் என் மிக நல்ல குரலில் அழைத்தேன். ஒருவரும் அசையவில்லை. கருநீலம் தரும் என்று சொன்ன நம்பிக்கை அந்தப் பக்கம் போகவே இல்லை. மனேஜரின் அறைக் கண்ணாடி வழியாக அவர் இந்தப் பக்கம் பார்ப்பது தெரிந்தது.

படிவங்கள் பின்னால் அலுமாரியில், கீழ்த் தட்டில். எழும்பாமல் எடுக்க வழியில்லை. எழும்பினேன். திரும்பினேன். குனிந்தேன்.

சுவரோரத்திலிருந்து ஒரு குரல்.

"அடியே, அந்தப் புள்ளட முதுகப் பாருங்கடி."

"என்ன அது?"

"என்னவா? உப்பு. நம்மட ஊட்டுக் கொடியில காயிற மாதிரியே இருக்கு."

படிவக் கட்டோடு நிமிர்ந்தபோது எல்லாக் கண்களும் என்மேல்தான். முன்னால் நின்ற ஒரு தடித்த பெண்மணி கவுண்டர் வரை வந்தார்.

"மகள் எந்தப் பக்கம்?"

ஊரைச் சொன்னேன்.

"வாப்பா?"

"உப்பளத்துல."

"அதான பாத்தன். கடைசித் தண்ணி நல்ல தண்ணியில அலச வேணும்னு உம்மா சொல்லித் தரலியா?"

"இல்ல மாமி. கிணத்தடிக்கே விடல. படின்னு சொல்லிட்டாங்க."

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டீங்களா? ஏ.எல். படிச்சிருக்கு, சேட் அலசத் தெரியாது." கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வேறு என்ன செய்வது. சிரித்து முடிவதற்குள் அவர் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார். "சரி, என்ட பேர எழுது. பிழையில்லாம எழுதுவ, அது தெரியும்."

அதற்குப் பிறகு கதவோரத்தில் ஒருவரும் நிற்கவில்லை. ஒவ்வொருவராக உட்கார்ந்து, பெயர் சொல்லி, கையெழுத்தோ விரல் அடையாளமோ வைத்து, போகிறபோது துணி துவைப்பதைப் பற்றி ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வை என்றார் ஒருவர். ஸ்திரிக்கைக்குத் தெளிக்கிற தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அது எனக்கு உண்மையிலேயே தெரியாத விஷயம். பகல் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டேன். சிலாபத்துப் பெண் உள்ளே இருந்து வந்து படிவங்களை அடுக்க உதவினாள். "நாளைக்கும் இந்தச் சோக் சேட்டையே போட்டுட்டு வாங்க" என்று காதுக்குள் சொன்னாள்.

மூன்று மாதம் முடிந்த அன்று மனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கடிதத்தைத் தந்தார். புத்தளம் கவுண்டர்.

"மிஸ்ஸோட ஆக்கள் நல்லாக் கதைக்கிறாங்க. அதான் முக்கியம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த வெள்ளைக் கோடு போட்ட சேட் மட்டும்... கம்பனி ஒற்றை நிறம்தான் சொல்லியிருக்கு" என்றார்.

அது கோடு போட்ட துணி என்று மனிதர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை. "சரி சேர்" என்றேன்.

சிலாபத்துப் பெண் அன்று கொஞ்சம் அழுதாள். குருநாகலில் இருந்து இப்போதும் படம் அனுப்புவாள். ஒரு படத்தில் கருநீலச் சேட் போட்டிருந்தாள். ஒரு கோடு இல்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன், அந்த ஊர்த் தண்ணீரைப் பார்த்து.

கடிதத்தை வாப்பா வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும், மேலிருந்து கீழ் வரை ஒருமுறை கண்ணை ஓட்டினார். இரண்டாய் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைத் திரும்ப வாங்க எனக்கு நான்கு நாள் பிடித்தது.

உப்புக் கதை தெரிந்த ராத்தா கடையில் பேசிக்கொண்டதை மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் எங்களைக் கண்டதும் இளம் ரோசாவைத்தான் முதலில் எடுத்தார். வாங்கிக்கொண்டேன், வாக்குக் கொடுத்தவள். கவுண்டரில் முதல் நிரந்தர நாளுக்கு அதைத்தான் போட்டேன். முகத்தில் வெளிச்சம் இருந்ததா என்று தெரியாது. மூன்று பேர் கேட்டார்கள், என்ன மிஸ் இன்டைக்கு நல்ல சந்தோஷமா என்று.

கடும் நிறச் சேட்கள் மூன்றையும் நான் விடவில்லை. அவற்றை இப்போதும் நானே துவைக்கிறேன். சந்திக் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்துச் சுமந்து வருவதும் நான்தான். முதல் தடவை வாளியோடு வேலிப் படலைக்குள் நுழைந்தபோது ராத்தா கொடியில் துணி போட்டுக்கொண்டு நின்றாள்.

"மிஸ், பாத்து, தண்ணி தளும்புது" என்றாள். "கீழ ஊத்திப் போடாதீங்க. மூணு சேட்டுக்கு ஒரு வாளிதான்."