மூன்றாவது ஆளின் எடை இருபத்து மூன்று கிலோ

காலை 7.10. கோவை ரயிலிலிருந்து சென்ட்ரலில் இறங்கி, முப்பது ரூபாய்க்கு மெட்ரோவில் திருவொற்றியூர் போனேன். ஐம்பத்திரண்டு வயதில், பம்புக் கடையை மூடிவிட்டு, ஒரு ராக் இசைக் குழுவைப் பார்க்க வடசென்னைக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். குழு என்றால் இரண்டே பேர்; பெயர் ‘உப்புத்துரு’. ராயபுரத்துப் பெண் செலின் கிட்டார் வாசித்துப் பாடுகிறார். எண்ணூர் மீனவக் குப்பத்துத் தேசிங்கு டிரம்ஸ் அடிக்கிறார். நான்கு வருஷமாக அவர்கள் பாட்டைக் கேட்டுத்தான் கடை ஷட்டரைத் தூக்குகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன் மூன்று பேராகத் தொடங்கியவர்கள். தாழ்ந்த சுருதிக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர் இரண்டாம் மாதமே துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். வேறு ஆள் தேடாமல், இரண்டடிச் சதுர இரும்புத் தகடு ஒன்றைக் கட்டைகள் மேல் வைத்து, லாடம் அடித்த காலணியால் செலின் மிதிக்க ஆரம்பித்தார். பாட்டுக்கு அடியில் ‘தும்’ என்று எழும் அந்தச் சத்தத்தோடு பெங்களூர், புனே என்று சுற்றி, சொந்தக் காசில் இரண்டு ஆல்பமும் போட்டுவிட்டார்கள். சோறு போடுவது என்னவோ பகல் வேலைதான். செலினுக்குச் சரக்கு அலுவலகம், தேசிங்குக்குச் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ஒரு கிடங்கு.

8.30. கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் புகுந்து புகுந்து ஷேர் ஆட்டோ சாத்தாங்காட்டுக்கு வந்தது. மூன்று கிலோமீட்டர், இருபது ரூபாய். என்னை வரச் சொல்லியிருந்த டீக்கடையில் இருவரும் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தார்கள்.

“பிளேட்டு போச்சு சார்,” என்றார் செலின். “இவன் கிடங்குலதான் வச்சிருந்தோம். முந்தாநாளு லோடுல சேத்து ஏத்திட்டாங்க.”

“யார் ஏற்றினார்கள்?”

தேசிங்கு டீ கிளாசையே பார்த்தார். “நாந்தான் சார். ரெண்டடி, எட்டு எம்.எம். பிளேட்டு முப்பது ஏத்துன்னாரு மொதலாளி. இருவத்தொம்போதுதான் இருந்துச்சு. கை பாட்டுக்கு அதையும் தூக்கிப் போட்டுச்சு. இந்நேரம் எங்க வெட்டிகினு கீறானோ.”

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லப் போனேன். செலின் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

முறைப்புக்குக் காரணம் இருந்தது. பெங்களூரில் பெரிய இசை விழா ஒன்று இவர்களை அழைத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு: இரண்டு பேர் போதாது, பேஸ் கிட்டார்காரர் ஒருவரைச் சேர்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நான்கு மணிக்கு ராயபுரத்தில் மாதா கோயில் கூடத்தில் வாசித்துவிட்டு முடிவு செய்வதாக இருந்தார்கள்.

“பிளேட்டு கெடைக்கலன்னா ஆள சேத்துக்கலாம் செலினு,” என்றார் தேசிங்கு. செலின் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேறு தகடு தேட எழுந்தார்.

9.15. அடுக்கில் கிடக்கும் தகடு ஒலிக்காது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டைமேல் வைக்க வேண்டும். லோடுமேன்கள் இரண்டு பேர் தூக்கி வைக்க, செலின் லாடக் காலால் மிதிப்பார், தேசிங்கு கண்ணை மூடிக் கேட்பார், வேண்டாம் என்பார். மூன்று கடை ஏறி இறங்கினோம்.

“எடைக்கு வாங்கறவன பாத்துகிறேன். சத்தத்துக்கு வாங்கறவன இப்பதான் பாக்கறேன். வேலைய பாக்க வுடுங்கப்பா,” என்றார் மூன்றாவது கடைக்காரர்.

பதினோராவது தகட்டுக்குள் லோடுமேன்களும் கச்சேரி ரசிகர்களாகிவிட்டார்கள். “இது வேணாம்மா, ரம்பம் மாறி கத்துது,” என்றார் ஆறுமுகம் என்ற பெரியவர். பதினான்காவதை அவரே பொறுக்கி வைத்தார். செலின் மிதித்தார். என் நெஞ்சுக்குள் இறங்கியது.

“நம்ம பழைய பிளேட்டு சுருதி இல்ல. அரை சுருதி கீழ கீது,” என்றார் தேசிங்கு.

செலின் இன்னொரு முறை மிதித்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து கிட்டாரை எடுத்து, ஆறு கம்பிகளையும் அரை சுருதி இறக்கினார். “இரும்பு நம்ம பேச்ச கேக்காதுடா. நாம எறங்கி வருவோம்.”

எடைபோட்டார்கள்: இருபத்து மூன்று கிலோ, கிலோ அறுபது ரூபாய்.

பகல் 2.00. அறுநூறு ரூபாய்க்குக் ‘குட்டி யானை’ சரக்கு வண்டி பேசி, தகட்டோடு நாங்களும் ஏறி ராயபுரம் வந்தோம். ஒன்பது கிலோமீட்டருக்கு ஒன்றே கால் மணி நேரம். வெயிலில் தகடு கொதித்தது. ஆறுமுகமும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

4.20. கூடத்தில் எண்பது பேர் இருக்கலாம். தெரிந்த பாட்டுகள்தான், ஆனால் அரை சுருதி இறங்கியதும் புதிதாக இருந்தன. உச்சியில் கிழிந்துபோகும் செலின் குரல் இன்று கிழியவில்லை. பத்து வருஷமாகத் தனக்கு எட்டாத உயரத்தில் அவர் பாடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். “நாந்தான் பொறுக்கினேன் அத,” என்று ஆறுமுகம் பக்கத்து வரிசைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

5.50. படிக்கட்டில் உட்கார்ந்து பெங்களூருக்குச் செலின் பதில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார்: “ஆள் சேர்க்க இடமில்லை. ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறோம்.” தேசிங்கின் விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. “அனுப்பு,” என்றார்.

6.40. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். கோவையில் என் கடைக்குப் பின்னால் ஒரு வார்ப்படப் பட்டறை இருக்கிறது. சத்தம் தாங்கவில்லை என்று அதன் முதலாளியோடு சண்டை போட்டு, மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தச் சத்தம் என்ன சுருதி என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஊருக்குப் போனதும் போய்ப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது செலினிடமிருந்து செய்தி வந்தது.

“பெங்களூர்க்காரங்க வேணாம்னுட்டாங்க சார். மனசுக்கு பேஜாராத்தான் கீது. தேசிங்கு பிளேட்டுக்கு தேங்கா எண்ண தடவிகினு கீறான். கடல் காத்துல துரு புடிக்குமாம். நாளைக்கும் வேணும்ல.”