கீழே வந்தால் அணையும் விளக்கு

தம்பியின் வேனில் அந்த மஞ்சள் விளக்கு திருமலையில் மட்டும்தான் எரியும். அவசரமாக பிரேக் மிதிக்கும்போது சக்கரம் இறுகி வண்டி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள். மழைநாள் மூட்டத்தில் மேலே எரியும். திருப்பதிக்கு இறங்கி ஒரு மணி நேரம் வெயிலில் நின்றால் அணைந்துவிடும். தம்பி தினமும் பன்னிரண்டு பேரோடு அந்த மலையில் இறங்குகிறான்.

மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போனோம். மூன்று முறையும் காய்ந்துபோன வண்டியில் ஸ்கேனரைச் சொருகினார்கள். பழைய கோளாறுகள் திரையில் வரிசையாக வந்தன. நான் படித்து முடிப்பதற்குள் மேலாளர் அழித்துவிட்டார்.

“ஏமி லேது சார், ஒண்ணும் இல்ல. எல்லாம் ஓகே.”

“இங்க ஓகேதான் சார். மேல போய்க்கினு இருந்தா எரியுதே,” என்றான் தம்பி.

“அப்ப மேலயே சர்வீஸ் பண்ணிக்கோ.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாட்சியை அழித்துவிட்டுக் குற்றமே நடக்கவில்லை என்பவர்களைப் பற்றி நான் நிறையச் செய்தி எழுதியிருக்கிறேன். யாரும் இவ்வளவு நிம்மதியாகச் சிரித்ததில்லை.

பின்சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து பார்த்தேன். சென்சார் ஒயர் சேரும் இடத்தில் ரப்பர் உறை சித்தூர் ரோட்டு வெயிலில் வெந்து வெடித்திருந்தது. உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு. மேலே ஈரம் புகுகிறது, கீழே காய்கிறது. அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம், முழங்காலில் மண் பட்டால் போதும்.

மேலாளரிடம் காட்டினேன். ஸ்கேனரில் கோளாறு வராமல் பார்ட் மாற்றக் கம்பெனி ஒத்துக்கொள்ளாதாம். வெளியில் மாற்றினால் வாரண்டி போய்விடுமாம்.

“அப்படியானால் கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்,” என்றேன். எழுதுவதற்குப் பதில் கூட வந்து பார்ப்பதாகச் சொன்னார் மேலாளர்.

மறுநாள் காலை ஸ்கேனரோடு ஏறினார். வேறு ஆட்களை ஏற்றவில்லை. மேலே எதிரில் நிற்பவர் தெரியாத மூட்டம். இறங்கும் சாலைக்கு வருமுன்பே விளக்கு எரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று ஸ்கேனரைச் சொருகினார். கோளாறு வந்தது. இந்த முறை தம்பி முந்திக்கொண்டு திரையைப் போனில் படம் பிடித்தான்.

“இப்ப இன்னா சார் சொல்றீங்க?”

“பார்ட் மாத்திடலாம். மெதுவா இறக்கு.”

“சரி, ஏறுங்க.”

அவர் ஏறவில்லை. மூட்டத்தைப் பார்த்தார்.

“தரிசனம் பண்ணி ரொம்ப நாளாச்சு. நீங்க போங்க, நான் பஸ்ல வர்றேன்.”

தம்பி கதவை அறைந்து சாத்தினான். காலி வேனை இரண்டாவது கியரில் இறக்கினான். நான்காவது வளைவில் என் பக்கம் திரும்பினான்.

“நீயும் பஸ்ல வந்திருக்கலாம்ணா.”