அவருடைய கருத்துக்காக

ஆர்மோனியத்துக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கிய அந்தக் கண்ணாடி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பினாங்கில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோவிலில் கால்மிதி ஆர்மோனியம் சுவரைப் பார்த்தபடி கிடந்தது. வாசிப்பவனுக்குப் பீடம் முதுகுப் பக்கம். சாமியார் பூசையில் எந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் கண்ணாடி. அதைக் கொஞ்சம் வாசல் பக்கம் சாய்த்து வைத்தால் என் வாசிப்பைக் கேட்டு யார் யார் எழுந்து போகிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் யோசனை சொன்னதுண்டு. நான் சாய்த்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் வாசல் பக்கம் அல்ல, பெண்கள் பக்கம். அங்கே நடைபாதையை ஒட்டிக் கடைசி ஆளாக டீச்சரம்மா முழந்தாளிட்டிருப்பார்.

அவர் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். என்னைத் ‘தம்பி’ என்றார். அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் தலையில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர். நானோ அரிசிக் கிடங்குக் குமாஸ்தா. முதலாளிக்கு எழுதும் கடிதங்களில் ‘எண்ணியிருக்கிறேன்’ என்பதற்கு ‘இன்டென்ட்’ என்ற சொல்லை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் தூவுகிறவன். ஒருநாள் கடிதம் ஒன்றைத் திருத்தித் தரும்படி அவரிடம் நீட்டினேன். திருத்த வேண்டியது கடிதம் அல்ல என்பது என் வரையில் ரகசியம். படித்துவிட்டுச் சிரித்தார்.

“விஷ்னா சும்மா ஆசை. வீட்டுல உக்காந்தே ஆசப்படலாம். ப்ளான்னா எப்படிப் போறதுன்னு யோசிக்கிறது. இன்டென்ட் அப்படியில்ல தம்பி. மனசு பாதி கிளம்பியாச்சுன்னு அர்த்தம். உடம்புதான் பாக்கி.”

அப்போது நானும் சிரித்தேன்.

அவருடைய கணவர் சுமத்ராவில் மேடானுக்குப் போகும் கப்பலில் பயணிகளைக் கவனிக்கும் ஸ்டூவர்டாக இருந்தவர். ஒரு தடவை போனவர் திரும்பவில்லை. கப்பல் திரும்பியது, அவர் அங்கேயே கரையிறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் தகவல் இல்லை. டீச்சரம்மா சுமங்கலியா, விதவையா என்பது கோவிலுக்கே தெரியாது. உயிரோடிருப்பவருக்கு ஒரு ஜெபம், இறந்தவருக்கு வேறு ஜெபம், எதைக் கேட்பது? எங்கள் வழக்கத்தில் பூசைக்குக் ‘கருத்து’ என்று ஒன்று உண்டு, இங்கிலீஷில் ‘இன்டென்ஷன்’. யாருக்காக, எதற்காக இந்தப் பூசை என்பதைக் கேட்டவர் சொல்லியனுப்புவார். சாமியார் தொடங்குமுன் அதை உரக்க அறிவிப்பார். மாதத்தின் முதல் வெள்ளிதோறும் டீச்சரம்மா கொடுத்த பூசைக்கு அறிவிப்பு ஒன்றேதான்: “காணாமற்போன ஒருவருடைய கருத்துக்காக.” அவருக்காக அல்ல, அவருடைய கருத்துக்காக. படகுத்துறையில், கப்பலுக்குக் கொண்டுபோகும் சம்பானில் கால் வைக்குமுன் கணவர் அவரிடம் சொன்னாராம், “மனசுல ஒண்ணு வச்சிருக்கேன். வந்து சொல்றேன்.” அது எதுவோ, அது நிறைவேறட்டும் என்பதுதான் அவர் கேட்டது.

கிடங்கில் என்னோடு வேலை பார்த்த முனியாண்டி கோவில் பக்தருக்கு இதெல்லாம் விளங்கவில்லை. “அந்தாளு மனசுல என்ன இருந்துச்சுன்னே தெரியாது. அதுக்கு மாசாமாசம் பூசையா லா? ஒண்ணு கெடக்க ஒண்ணு நடந்துரப் போவுது, பாத்துக்குங்கண்ணே” என்றார். நான் கிண்டலாக ஏதோ பதில் சொன்னேன். ஆனால் அடுத்த முதல் வெள்ளிக்குள், “ஆத்தும இளைப்பாற்றிக்காக” என்று, இறந்தவர்களுக்குச் சொல்வது போல் அறிவிப்பு மாறிவிடாதா என்று ஏங்கியதும் நானேதான். மனிதர் சாகட்டும் என்று நான் வேண்டவில்லை. செத்திருந்தால் தேவலை என்ற அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு முதல் வெள்ளி. காற்றே இல்லாத விடியல். மெழுகுவர்த்தித் தீ எழுதி வைத்தது போல் நிமிர்ந்து நின்றது. நன்மை வாங்கும் நேரம், அதாவது சாமியார் கையால் நாவில் அப்பம் பெறும் நேரம். பீடத்துக்கு முன்னால் கிராதி நெடுக வெள்ளைத் துணி விரித்திருக்கும். இடப்பக்கம் பெண்களும் வலப்பக்கம் ஆண்களுமாக முழந்தாளிட்டு, அந்தத் துணியைத் தாடைக்குக் கீழே தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடியில் பார்த்தேன். டீச்சரம்மா எழுந்தவர் உடனே நடக்கவில்லை. முன்னால் போகிற ஒருவருக்கு வழிவிடுகிறவர் போல் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு நின்றார். யாரும் போகவில்லை. பிறகு போய்ப் பெண்கள் வரிசையின் ஓரத்தில், கிராதியின் நடுவில் முழந்தாளிட்டார். அவருக்கு அடுத்து ஓர் ஆள் இடம் காலி. அதற்கப்பால்தான் ஆண்கள். அந்தக் காலி இடத்தில் துணி உயர்ந்திருந்தது, ஒரு தாடையின் உயரத்துக்கு.

சாமியார் வரிசையாக வந்தார். காலியிடத்தில் நின்றார். குனிந்தார். அப்பத்தை ஏந்திய விரல்கள் அந்தரத்தில் காத்திருந்தன. என் பாட்டு எங்கோ தடம் புரண்டு போனது. அன்று யாரும் அதைக் குறை சொல்லவில்லை என்பதே எனக்குப் பிறகு பயமாக இருந்தது. சாமியார் தலையை அசைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். துணி மெல்லத் தாழ்ந்தது.

பூசை முடிந்ததும் உள்ளறைக்குப் போய், சாமிக்கு மூக்குக்கண்ணாடி மாற்றும் காலம் வந்துவிட்டதோ என்று வேடிக்கை போலக் கேட்டேன். பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் தமிழ் படித்தவர், நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார்.

“கண் மங்கல்தான். ஆயினும் ஒருவர் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. ஆகையால் நான் கொடுக்கவில்லை.”

இதை டீச்சரம்மாவிடம் போய்ச் சொன்னேன். சொன்னதில் என் சுயநலம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இன்றுவரை முடியவில்லை. கோவில் முற்றத்தில், ரிக்‌ஷாவுக்குக் காத்து நின்றவர் அசையாமல் கேட்டார்.

“வாயத் திறக்கலையா?”

“இல்லன்னார்.”

“வந்து சொல்றேன்னாரு தம்பி.” வந்து நின்ற ரிக்‌ஷாவைப் போகச் சொல்லிக் கையசைத்தார். “வந்துட்டாரு. சொல்ல மாட்டேங்கிறாரு.”

அவர் கேட்டபடி சாமியார் மேடான் கோவிலுக்கு எழுதிப் போட்டார். பதில் வரப் பல மாதம் ஆயிற்று. கரையிறங்கிய அதே மழைக்காலத்தில் கணவர் காய்ச்சல் கண்டு போய்விட்டார், அங்கேயே அடக்கம். அதாவது நாங்கள் இங்கே முதல் பூசை வைத்தபோதே அவர் மண்ணுக்குள் இருந்திருக்கிறார். கப்பலை விட்டு இறங்கியது ஏன், படகுத்துறையில் மனசில் வைத்திருந்தது என்ன, அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. டீச்சரம்மா கறுப்பு உடுத்தினார். அறிவிப்பு நான் ஏங்கியபடியே மாறியது. அன்று கண்ணாடியைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஓராண்டு கழித்து இன்னொரு முதல் வெள்ளி. பெடலில் கால் வைத்துவிட்டேன். சாமியார் அறிவித்தார்: “ஆர்மோனியம் வாசிப்பவருடைய கருத்துக்காக.” உள்ளே இருந்ததெல்லாம் ஊருக்கே தெரிந்துவிட்டது போல் வியர்த்தது. செத்தவருக்கு வைத்த அதே வாசகம் என்பது அடுத்த நொடியில் உறைத்தது. வியர்வை அப்படியே குளிர்ந்துவிட்டது. வெளியே டீச்சரம்மா காத்திருந்தார். தம்பி என்று அழைக்கவில்லை.

“நீங்களாவது வாயத் திறந்து சொல்லுங்க.”

சொன்னேன்.

எங்கள் மூத்த பெண்ணுக்கு இந்த ஆண்டு புதுநன்மை. நான் இன்னும் வாசிக்கிறேன். சபை இன்னும் பொறுத்துக்கொள்கிறது. சாமியார் மாறிவிட்டார், புதியவருக்குக் கண் நன்றாகத் தெரியும். கண்ணாடி அதே ஆணியில் தொங்குகிறது, ரசம் ஓரமெல்லாம் கறுத்து. முதல் வெள்ளிகளில் என் மனைவி நன்மை வாங்க எழுகிறாள். உடனே நடப்பதில்லை. முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, யாரோ கடந்து போகும் நேரம் நின்று, பிறகுதான் நடக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஒன்று உண்டு. இன்டென்ட் என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே படுகிற ஆசைதான் அது.