என் மனைவி அமைத்த நேம் சர்வர்

என் மனைவி என்னிடம் சந்தேகம் கேட்பதை நிறுத்திய வாரத்தில்தான் அவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது. அதற்கு முன்பு அப்படி ஒன்று என்னிடம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நாங்கள் முகப்பேரில் ஹவுசிங் போர்டு அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். எனக்குத் தென்காசிப் பக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவள் ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, கொஞ்ச காலம் வேலைக்கும் போய், மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மறுபடியும் வேலைக்குப் போலாம்னு இருக்கேங்க" என்றாள்.

"தாராளமா போ" என்றேன். இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு யார் கூப்பிடப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் நினைத்ததால், தாராளம் எனக்குச் சுலபமாகவே வந்தது.

நெட்வொர்க் படிக்கப்போகிறேன் என்றாள். என் துறை. அப்போது அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஹாலில் தூசி படிந்து கிடந்த என் பழைய கணினியைத் துடைத்துக் கொடுத்தேன். அதில் வி.எம். போடக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். வி.எம். என்றால், ஒரு கணினிக்குள்ளேயே மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தனக்கென்று நினைவகம், தனக்கென்று முகவரி எல்லாம் வைத்துக்கொண்டு நிஜக் கணினிபோலவே நடந்துகொள்ளும். ஒரு பெட்டிக்குள் நாலைந்தைப் போட்டு, ஒன்றோடொன்று இணைத்தால், வீட்டிலேயே ஒரு சின்ன ஆபீஸ் நெட்வொர்க் தயார்.

அந்த ஜூனும் ஜூலையும் எனக்குப் பிடித்த மாதங்கள். நான் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "இது ஏங்க அந்த மெஷினைப் பாக்க மாட்டேங்குது?" நான் காபியை வாங்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, கொஞ்சம் காக்கவைத்துவிட்டுப் பதில் சொல்வேன். ஆபீஸில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே போய்விட்டார்கள். நான் அதே ஜன்னலோர இருக்கையில் இருந்தேன்.

அவளுடைய வி.எம்.களுக்கு ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் முகவரி எண் மாறிக்கொண்டிருந்தது. நேற்று ஒரு எண்ணில் இருந்தது இன்று வேறொன்றில் இருக்கும். எண்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் திணறினாள். "எல்லா மெஷின்லயும் ஹோஸ்ட்ஸ் ஃபைல்னு ஒண்ணு இருக்கும். எந்தப் பேருக்கு எந்த எண்ணுன்னு அதுல எழுதிடு, போதும்" என்றேன்.

"எண்ணு மாறினா?"

"மறுபடி எழுதணும்."

"அஞ்சு மெஷின்லயுமா?"

"ஆபீஸ்ல நான் அப்படித்தான் பண்றேன்."

அவள் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் நான் வந்தபோது கேள்வி எதுவும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காபி வந்தது. அவள் திரையில் ஏதோ கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு டவுட் ஒண்ணும் இல்லையா?" என்றேன்.

"இல்லைங்க, அதுலயே எல்லாம் போட்டிருக்கு."

அன்று இரவு சாப்பாட்டில் உப்பு சரியாகத்தான் இருந்தது. நான்தான் குறைவு என்று சொன்னேன்.

அவள் செய்துகொண்டிருந்தது என்னவென்று அந்த வாரக் கடைசியில் தெரிந்தது. வி.எம்.களில் ஒன்றை மற்றவற்றுக்கெல்லாம் பெயர் சொல்லும் ஆளாக மாற்றிக்கொண்டிருந்தாள். நேம் சர்வர். புதிதாக ஒரு மெஷின் எழுந்தால், அதற்கு முகவரி கொடுப்பதும் அதுவே, அந்த முகவரியை அதன் பெயரோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வதும் அதுவே. எண் எத்தனை முறை மாறினாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். உள்ளே இல்லாத பெயரை யாராவது கேட்டால், வெளியே இன்டர்நெட்டில் விசாரித்துச் சொல்லும்.

பெயர்களாக ரயில் நிலையங்களை வைத்திருந்தாள். கல்லூரிக்குப் போய்வந்த தடம் அது. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், அண்ணனூர். பெயர் சொல்லும் மெஷின் ஆவடி.

"டாட் காம் மாதிரி, பேருக்குப் பின்னாடி என்ன போடலாம்?" என்று கேட்டாள். வெகுநாள் கழித்து வந்த கேள்வி. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, யோசிக்காமலேயே, "டாட் லோக்கல்னு போடு. எல்லாரும் அதான் போடுவாங்க" என்றேன். போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வந்திருந்தான். கோவில்பதாகையில் இருக்கிறான். திருமழிசையில் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசர். அக்காவின் திரையில் ரயில் நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இன்னா மாமா, அக்கா உன்னியே ஓவர்டேக் பண்ணிகினு போய்கினே கீது?"

"நான்தான்டா சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

"ஆமாடா, இவர்தான் ஆரம்பிச்சு வெச்சாரு" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கு ஆதரவாகத்தான் சொன்னாள். அதில் எனக்கு இன்னும் எரிந்தது.

பிறகு ஒரு நாள் எனக்குச் சந்தோஷம் கிடைத்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். மத்தியானம் மேனேஜரோடு மீட்டிங். சேரப்போனால் எதுவும் திறக்கவில்லை. போனிலும் வைஃபையில் ஒன்றும் வரவில்லை. அவள் மகளை அழைத்துவரப் பள்ளிக்குப் போயிருந்தாள். போகும்போது கணினியை அணைத்திருந்தாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. வீட்டு வைஃபை பெட்டியிலேயே, பெயர் கேட்க வேண்டுமானால் ஆவடியைக் கேள் என்று மாற்றி வைத்திருக்கிறாள். கணினியை அணைத்ததும் ஆவடியும் அணைந்துவிட்டது. போன் டேட்டாவில் மீட்டிங்கில் சேர்ந்துகொண்டேன். சரிசெய்ய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் தொடவில்லை. அவள் வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தாள். "உன் புண்ணியத்துல வீட்டுல நெட் போச்சு" என்றேன்.

மகளின் பையை இறக்கிவைத்துவிட்டு என் லேப்டாப்பில் ஏதோ இரண்டு கட்டளை அடித்துப் பார்த்தாள். பதறவில்லை. "நெட் போகலைங்க. லைன் நல்லாத்தான் இருக்கு. பேர் சொல்லத்தான் ஆளில்லை" என்றாள். வைஃபை பெட்டியைப் பழையபடி மாற்றினாள். பிறகு, தன் ரயில் நிலையங்களின் பெயர்களை மட்டும் ஆவடியிடம் கேட்கும்படியும் மற்றதையெல்லாம் வழக்கமான இடத்தில் கேட்கும்படியும் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தாள். இனி ஆவடி தூங்கினாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. "ஸாரிங்க, மீட்டிங் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். என் சந்தோஷம் அவள் மகளுக்குப் பால் ஆற்றி முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

தீபாவளி முடிந்து ஒரு நாள், இன்டர்வியூ வந்திருக்கிறது என்றாள். கம்பெனி பெயரையும் சொன்னாள். போன வருடம் நானும் அங்கே விண்ணப்பித்திருந்தேன். பதில்கூட வரவில்லை. அதை அவளிடம் சொன்னதில்லை. "நல்ல இடம்தான். ஆனா ரொம்பக் கேப்பாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஹாலில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசினாள். நான் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று ஃபேனை நிறுத்தினேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

கேள்வி கேட்டவர் பெண். நிதானமான குரல். முதல் சில கேள்விகளுக்கு நான் மனதில் சொன்ன பதிலும் அவள் வாயால் சொன்ன பதிலும் ஒன்றாகவே இருந்தன. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனின் பேப்பரை எட்டிப் பார்ப்பதுபோல ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். அப்புறம் அந்த அம்மா கேட்டார்: "உங்க வீட்டு லேப்ல நேம் சர்வர் ஓடுது. ஒரு மெஷின்ல பேர் கிடைக்குது, பக்கத்து மெஷின்ல அதே பேர் கிடைக்கலை. சர்வர் நல்லாத்தான் இருக்கு. எங்க பாப்பீங்க?"

ஃபயர்வால் தடுத்திருக்கும் என்றேன் மனதுக்குள். இல்லையென்றால் ரீஸ்டார்ட். ஆபீஸில் நான் வருடக்கணக்காகச் செய்வது அதுதான்.

"முதல்ல பேர் எதுல முடியுதுன்னு பாப்பேன் மேடம்" என்றாள் அவள். "டாட் லோக்கல்னு முடிஞ்சா, சில மெஷின் நேம் சர்வரைக் கேக்கவே கேக்காது. அந்த முடிவு, பக்கத்துல இருக்கிற மெஷின்கள் தங்களுக்குள்ள நேரா கூப்பிட்டுப் பேசிக்கிறதுக்குன்னு ஒதுக்கினது. அதனால அதுங்க நெட்வொர்க்ல பொதுவா சத்தம் போட்டுப் பாத்துட்டு, பதில் வரலைன்னா இல்லைன்னு சொல்லிடும். வீட்டு நெட்வொர்க்குக்குன்னே தனியா ஒரு முடிவு இருக்கு. அதுக்கு மாத்தினா சரியாயிடும்."

"இது படிச்சதா, பட்டதா?" என்று கேட்டார் அந்த அம்மா. சிரிப்பு கேட்டது.

"பட்டதுதான் மேடம். விவரம் தெரியாம நானே அப்படி வெச்சுட்டேன். கண்டுபிடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

நானே அப்படி வைத்துவிட்டேன் என்றாள். என் கணவர் சொன்னார் என்று சொல்லவில்லை. பெயர் கிடைக்காமல் அவள் திண்டாடிய நாட்களில் நான் அதே வீட்டில்தான் இருந்திருக்கிறேன். என் யோசனைதான் காரணம் என்று கண்டுபிடித்து, சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, என்னிடம் வாயே திறக்கவில்லை. அறையில் காற்றில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். நியாயமாக அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் அன்பு பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. வேலையில்தான் என்னைத் தாண்டினாள் என்று பார்த்தால், குணத்திலுமா என்று தோன்றியது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

வேலை கிடைத்தது. அவள் அப்பா ஆவடியிலிருந்து அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். தம்பி போனில், "மாமா, இனிமே ஊட்ல நீதான் சமையல், ரெடியா இரு" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தாடை வலித்தது.

அவளுடைய ஆபீஸும் எஸ்டேட்டில்தான், எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வண்டியில் ஒன்றாகவே போனோம். வாவின் ஜங்ஷன் நெரிசலைத் தாண்டி அவளைக் கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் இறக்கிவிடுவேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போவாள். அந்த ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு நான் என் கட்டடத்துக்குப் போவேன். லிஃப்டில் ஏறும்போது தினமும் ஒரே கணக்கு ஓடும்: அங்கே அவளிடம் இன்று யார் என்ன கேட்டிருப்பார்கள்.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அவள் உதறிக் கொடுக்க, நான் கொடியில் போட்டேன். கீழே யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு உன் இன்டர்வியூவை உள்ளே இருந்து கேட்டேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"ஃபேன் நின்னுச்சே. நீங்க ஃபேன் இல்லாம இருக்கிற ஆளா?"

மகளின் யூனிஃபார்ம் பாவாடையை உதறினாள். என் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"டாட் லோக்கல் நான் சொன்னதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அதைச் சொல்லி அவங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

இன்னும் இரண்டு துணி போட்டேன். பிறகு, "எனக்கு உன்மேல பொறாமையா இருக்கு. ரொம்ப நாளா இருக்கு" என்றேன்.

அவள் நிமிரவில்லை. வாளியில் கடைசியாகக் கிடந்த துண்டைப் பிழிந்தாள்.

"பாப்பா பொறந்தப்புறம் நீங்க காலையில ஐ.டி. கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டுக் கிளம்புவீங்க" என்றாள். "நான் இங்கதான், இதே இடத்துல, பாப்பாவைத் தூக்கி வெச்சுக்கிட்டு டாட்டா காட்டச் சொல்லுவேன். வண்டி அந்த முனை திரும்புற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே நிப்பேன். உள்ளே அப்படி எரியும். ஒருநாளாவது இந்த மனுஷனுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாம போகக் கூடாதான்னு வேண்டியிருக்கேன்."

அத்தனை வருடமும் முனையில் திரும்பும்போது நானும் கையை ஆட்டியிருக்கிறேன். அவள் சந்தோஷமாக வழியனுப்புகிறாள் என்றே எண்ணியிருந்தேன்.

"சொல்லவே இல்லையே" என்றேன்.

"நீங்க இப்பத்தானே சொல்றீங்க."

"இப்போ போயிடுச்சா உனக்கு?"

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "முக்கால்வாசி போயிடுச்சு. மாசக் கடைசியில உங்க ஃப்ரெண்ட்ஸோட டீ குடிக்கப் போவீங்கல்ல, அப்போ மட்டும் கொஞ்சம் வரும்."

"எனக்கு அப்படியே இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும், போகும்போது போகட்டும்" என்று துண்டை என் தோளில் போட்டுவிட்டு, காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் துண்டைக் கொடியில் விரித்து, கிளிப் மாட்டினேன்.