காந்தம் ஒட்டாத குழாய்

அடுப்புச் சூட்டில் ஒரு எஃகுக் குழாய் தொய்ந்துபோனதற்குப் பெண்ணின் மாதவிலக்குதான் காரணம் என்று ஒருவர் சொன்னால், நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பீர்களா? சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஒருத்தியைத் தவிர நாற்பது பேர் அப்படித்தான் நின்றார்கள்.

கமலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒன்பது வருடமாக அங்கே காபிக்கொட்டை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொள்கிறார். விறகடுப்பின் மேல் எஃகுக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள் போகும் காற்று சூடேறிக் கொட்டையை உலர்த்தும். அந்தக் காற்றில் புகை கலக்கவே கூடாது. தீயின் நிறம் பார்த்து விறகைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

போன வருடம் குழாய்களை மாற்றினார்கள். எஃகு எது வந்தாலும், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை வைத்துப் பார்ப்பது அந்த எஸ்டேட்டின் வழக்கம். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி. கமலாதான் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. "நல்ல சரக்குங்க, எறக்குங்க" என்றார்.

பழைய குழாய்கள் பதினோரு வருடம் நின்றவை. புதியவை ஒரே பருவத்தில் நடுவில் தொய்ந்து வெல்டு விட்டன. கொட்டை முழுக்கப் புகை நாற்றம்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சத்யராஜ் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, அந்த மூணு நாளும் அடுப்புக்கிட்ட வந்தியா இல்லியா?"

"ஊட்டுல உக்காந்துக்கிட்டா கொட்டை தானாக் காயுங்களா?" என்றார் கமலா.

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!"

காபி பறிக்கும் பொன்னாயி சும்மா விடவில்லை. "ஏனுங்க ரைட்டரு, போன வாரம் உங்க பைக்கு நின்னுபோச்சே, அது யாரு தீட்டுங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி. மறுநாள் கமலாவைப் பறிப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இனி டிரையர் பக்கம் வரலாமா என்பதை மாதக் கடைசியில் மேனேஜர் முடிவு செய்வார்.

இதைக் கேள்விப்பட்டு எஸ்டேட்டுக்குப் போன என் முன்னால் கமலா இரண்டு துண்டுகளை வைத்தார். ஒன்று பழைய குழாயில் அறுத்தது, மற்றது புதியதில்.

"ரெண்டுலயும் ஒட்டலைங்களே. பின்ன எப்படிங்க? நாந்தான் தீயை அதிகமாப் போட்டுட்டனா? நொம்பக் கொழப்பமா இருக்குதுங்க."

எஃகைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன். எஃகில் நிக்கல் போதிய அளவு சேர்ந்தால் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மாறிக் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டினாலும் ஒட்டாது. காந்தத்துக்கு அடுக்குதான் தெரியும், சேர்ந்த உலோகம் தெரியாது. கடும் சூட்டிலோ வித்தியாசம் பெரிது. குரோமியமும் நிக்கலும் நிறைந்த எஃகு தன்மேல் காப்புத்தோலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவை குறைந்தால் தோல் உதிரும், குழாய் மெலியும், தன் பாரத்திலேயே தொய்யும்.

"அப்ப மாங்கனீசுதானுங்களா?"

"சொல்ல முடியலைம்மா. வெல்டு கோளாறா இருக்கலாம். தகடே மெலிசா இருந்திருக்கலாம். தீயும் அதிகமாப் போயிருக்கலாம்."

"இத்தனை படிச்சும் தெரியலைங்களா?"

"தெரியலை."

கமலா இரண்டு துண்டுகளையும் என் கையில் கொடுத்தார். "என் தப்புன்னே வந்தாலும் வரட்டுங்க. தீட்டுன்னு மட்டும் சொல்லக் கூடாதுங்க."

எனக்குக் குழப்பம் இன்னும் தீரவில்லை. தீர்க்கும் கருவி சேலத்தில் எத்தனையோ பரிசோதனைக் கூடங்களில் இருக்கிறது. நீங்கள் அங்கே வேலை செய்பவரானால், மாதம் முடிவதற்குள் இந்த இரண்டு துண்டுகளிலும் நிக்கல், குரோமியம், மாங்கனீசு எவ்வளவு என்று பார்த்து எழுதிக்கொடுங்கள்.